அடுத்த அடி வரும்வரை

லாரல் ஃபோர்க், கென்டக்கி
மார்ச் 9, 1998

அன்புள்ள தம்பி வெர்லினுக்கு அண்ணி ஆர்வெல்லா எழுதிக்கொண்டது.

இங்கே முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த வேனில் குளிருக்குச் சூடு வருகிறதா, இல்லை இன்னும் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் ஓட்டுகிறாயா?

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ஜெல்லா அக்கா வண்டியில் கடைக்குப் போனோம். பாலத்தைத் தாண்டும்போது ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. ஜெல்லா அக்கா சட்டென்று பிரேக் போட்டுவிட்டாள். "ஏய், நம்ம வெர்லின் குரல்டீ!" என்றாள். ஆமாம், நீதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற பையன். உன் குரல் இப்போது ரேடியோவில் வருகிறது.

அப்புறம் பாட்டைக் கேட்டோம். காலையில் அண்ணன் நாலாம் நம்பர் சுரங்கத்துக்குள் போகிறார். கூரை சரிகிறது. சாப்பாட்டு வாளி மட்டும் வெளியே வருகிறது. பாட்டு முடிந்ததும் ரேடியோக்காரர், "பாடகர் சமீபத்தில் இறந்துபோன தன் அண்ணனுக்காக எழுதியது" என்றார்.

தம்பி, நாலாம் நம்பரில் கூரை சரிந்து செத்தது உன் அப்பா. உன் அண்ணன் போன ஆகஸ்டில் முன்னறையில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி, பட்டப்பகலில் போனார். நான் பக்கத்தில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தேன். அடக்கத்துக்கு நீ வந்தாயே, உனக்குத் தெரியாதா?

ரேடியோக்காரர்தான் மாற்றிச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அப்படித்தானே? ஒரு வரி எழுது.

உன் அண்ணி,
ஆர்வெல்லா


ஆஸ்டின், டெக்சஸ்
மார்ச் 30, 1998

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நான் ரோட்டில் இருந்தேன். வேனில் சூடு வருகிறது, பயப்படாதீர்கள். சாப்பாடு பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது. முழங்காலுக்கு அந்தக் கற்பூர எண்ணெய் தேய்க்கிறீர்களா?

ரேடியோக்காரர் மாற்றிச் சொல்லவில்லை. அது அண்ணனுக்காக எழுதியதுதான்.

கோபப்படாமல் கேளுங்கள். அண்ணன் மூன்று வருஷம் நாற்காலியில் இருந்ததைப் பாட்டில் எப்படி வைப்பது? முதல் அடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் அடியிலும் உட்கார்ந்திருக்கிறார். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். அப்பா செத்தபோது எனக்கு நாலு வயது. அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அண்ணன் சொல்லித்தான். அவர் சொல்லும்போது அந்த வாளி என் கண் முன்னால் நிற்கும். எழுத உட்கார்ந்தால் அதுதான் வந்தது. அண்ணன் குரலில் கேட்ட சாவை அண்ணனுக்கே கொடுத்துவிட்டேன். பாட்டில் இதெல்லாம் நடக்கும் அண்ணி.

அந்தப் பாட்டு என்ன செய்கிறது என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், கையெழுத்துக்கு இல்லை, தங்கள் வீட்டில் யார் போனார்கள் என்று என்னிடம் சொல்ல. டல்சாவில் ஒரு லாரிக்காரர் என் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். "என் தம்பி போனதுலேருந்து இன்னைக்குத்தான் அழுதேன்" என்றார். அது பொய்யா?

ஜெல்லா அக்காவுக்கு என் வணக்கம். பிரேக்கை மெதுவாகப் போடச் சொல்லுங்கள்.

உங்கள்
வெர்லின்


லாரல் ஃபோர்க்
ஏப்ரல் 18, 1998

அன்புள்ள வெர்லினுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் இருக்கிறேன். கற்பூர எண்ணெய் தேய்க்கிறேன், நாற்றம்தான் மிச்சம். உனக்குத் தொண்டை கட்டாமல் இருக்கிறதா? சுடுதண்ணீரில் தேன் விட்டுக் குடி.

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ஒன்று நடந்தது.

செவ்வாய்க்கிழமை சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். வெளியே கோனி என்று ஓர் அம்மாள், ஓஹையோவிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தபால் அலுவலகத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாளாம்.

"நீங்கதானே நாலாம் நம்பர் பாட்டுல வர்றவரோட சம்சாரம்?" என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் புருஷன் போய் ஆறு மாதமாம். உள்ளே உட்கார வைத்தேன்.

"அவரை வெளியே கொண்டு வந்தப்ப கையப் புடிச்சுப் பார்த்தீங்களா?"

"உக்காரும்மா. காபி குடி."

"வாளிய வச்சிருக்கீங்களா?"

அது என் மாமனாருடைய வாளி. அதில் நான் பட்டன் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்துக் காட்டினேன். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் அழுதாள் என்று சொல்ல முடியாது. ரொட்டி கருகிவிட்டது. எழுந்து போகும்போது, "மனசு லேசாயிடுச்சு அக்கா. அந்தப் பாட்டு என்னைக் காப்பாத்திடுச்சு" என்றாள். வழியில் மூடிக் கிடக்கும் நாலாம் நம்பர் வாசலில் பிளாஸ்டிக் பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

சாயந்திரம் ஜெல்லா அக்கா வந்தாள்.

"ஏண்டீ, வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிக்கா சொல்றது? அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கு."

"நாளைக்குப் பஸ்ஸு வச்சுட்டு வருவாங்க, பாரு. நீ டிக்கெட் போட்டுடு. உம் புருஷன் ஹோபர்ட் இருந்தா சிரிச்சே செத்திருப்பான்."

"அவரால சிரிக்க முடியாதேக்கா. இருமல் வந்துடும்."

ஜெல்லா அக்கா எழுந்து கருகிய ரொட்டியைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

தம்பி, அந்த அம்மாள் லேசாகிப் போனாள், நல்லதுதான். ஆனால் அன்று முழுக்க நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். அடுப்படிக்கும் முன்னறைக்கும், முன்னறைக்கும் அடுப்படிக்கும். நாலாம் நம்பரில் செத்தவருக்கு எல்லோரும் அழுகிறார்கள். இந்த நாற்காலியில் செத்தவருக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். அந்தப் பாட்டைப் பாடாதே. பாடினால் அது உன் அப்பா என்று சொல். உன் அண்ணனை எனக்குத் திருப்பிக் கொடு.

அண்ணி


சிகாகோ
மே 27, 1998

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். தேன் குடிக்கிறேன்.

நிறுத்த முடியாது அண்ணி. இசைத்தட்டு போடும் கம்பெனிக்காரர்கள் இலையுதிர்காலம் வரைக்கும் ஊர் ஊராக நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் அந்த ஒரு பாட்டை வைத்துத்தான். ஆனால் நான் சொல்வது அதை இல்லை.

அண்ணன் அடக்கத்தன்று சாயந்திரமே கிளம்பினேன் இல்லையா? நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போ என்றீர்கள். நான் போனது பாருக்கு. அங்கிருந்து அடுத்த பாருக்கு. அக்டோபர் வரைக்கும் எனக்கு எதுவும் நினைவில்லை. ஒருநாள் காலையில் வேனுக்குள் கண் விழித்தேன், அந்தப் பாட்டு வந்தது. அன்றிலிருந்து நான் ஒரு சொட்டு தொடவில்லை. தினமும் மேடையில் அதைப் பாடுகிறேன், அன்றைய பொழுது தாண்டிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் எனக்கு நிற்க இடமில்லை.

உண்மை எது என்று உங்களுக்குத் தெரியும். ஜெல்லா அக்காவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். வெளியில் இருப்பவர்கள் எதை நம்பினால் என்ன?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெர்லின்


லாரல் ஃபோர்க்
ஜூன் 6, 1998

அன்புள்ள தம்பிக்கு,

நீ குடியை விட்டது தெரிந்து முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன், வலித்தாலும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உன் அண்ணனுக்கும் எனக்கும் நீ ஒருத்தன்தான். அது உனக்கும் தெரியும்.

வெளியில் இருப்பவர்கள் எதை நம்பினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். நீயும் வெளியில்தானே தம்பி இருந்தாய்? குத்திக் காட்டவில்லை. உனக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

உன் அண்ணனைப் போல் சுரங்கத்தில் உழைத்து நெஞ்சில் கரித்தூசி அடைத்துப் போனவர்கள் படுத்துத் தூங்க முடியாது. படுத்தால் மூழ்குகிற மாதிரி இருக்கும். அதனால் நாற்காலி. பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், இரவும் பகலும் உர் என்று ஓடிக்கொண்டிருக்கும். நான் தரையில் மெத்தை போட்டுப் படுத்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் ஆட்கள் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஃபிரிட்ஜ் ஓடும்போது கொஞ்சம் கண் அசருகிறேன். அது நின்றதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், அவருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று.

கடைசி வருஷம் நாற்காலியை ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார். "டிவி முதுகுப் பக்கம் போயிடுமே" என்றேன். "டிவில என்ன இருக்கு" என்றார். வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது முக்கியமானது. ஆகஸ்டு மூன்றாம் ஞாயிறு, மலை மேல் நம் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நினைவுக் கூட்டம். நம் சபையில் எப்படி என்று மறந்திருப்பாய். வாத்தியம் கிடையாது. ஒருவர் நின்று ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், எல்லோரும் அதை நீட்டிப் பாடி முடிப்போம், அப்புறம் அடுத்த அடி. இத்தனை வருஷம் நம் சபையில் எடுத்துக் கொடுத்தது உன் அண்ணன்தான்.

மூப்பர் எஸ்டில் வந்து, "குடும்பத்துல யாரு அடி எடுத்துக் குடுக்கப் போறா?" என்று கேட்டார்.

"வெர்லின்" என்றேன்.

"பார்ல பாடறானே, அவனா?"

"அவன்தான். ஹோபர்ட்டோட தம்பி."

"கிதார் வரக் கூடாது, ஆர்வெல்லா."

"கைய வீசிட்டு வருவான்."

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். வா.

அண்ணி


நாஷ்வில்
ஜூன் 24, 1998

அண்ணிக்கு அன்பு வணக்கம்.

இங்கே சுகம். உங்கள் தூக்கத்துக்கு டாக்டரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

கூட ஒரு கேசட் வைத்திருக்கிறேன், உடனே கேளுங்கள். உங்கள் கடிதத்தை வேனில் படித்தேன், அப்படியே வண்டியை ஓரம் கட்டி எழுத ஆரம்பித்துவிட்டேன். ஒரே மூச்சில் வந்தது. நாற்காலி இருக்கிறது, ரோடு இருக்கிறது, தரையில் உங்கள் மெத்தை இருக்கிறது. மெஷின் சத்தத்துக்கு எங்கள் ஆள் ஒருவன் ஆர்கனில் ஒரு கட்டையை அமுக்கிக்கொண்டே இருக்கிறான், கடைசியில் கையை எடுக்கிறான். பதிவு செய்யும் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நீங்கள் கேட்டது இதுதானே அண்ணி? இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அடுத்த இசைத்தட்டில் இதை முதல் பாட்டாக வைக்கலாம் என்கிறார்கள். உங்கள் சம்மதம் வேண்டும்.

உங்கள்
வெர்லின்


லாரல் ஃபோர்க்
ஜூலை 12, 1998

அன்புள்ள வெர்லினுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்தேன், மாத்திரை கொடுத்தார், போட்டால் பகலெல்லாம் தள்ளாடுகிறேன். விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் கேசட் போட ஒன்றும் இல்லை. ஜெல்லா அக்கா வண்டியில் உட்கார்ந்து கேட்டோம். முடிந்ததும் அவள் இன்னொரு தடவை போட்டாள். நான் வெளியே இறங்கி நின்றுகொண்டேன்.

"நல்லாத்தானேடீ எழுதியிருக்கான்?" என்றாள்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். நாற்காலி சரி, மெத்தை சரி, மெஷின்கூடச் சரி. அவரைத்தான் காணோம். சீக்காளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அது உன் தப்பு இல்லை. நான் எழுதாமல் விட்டதை நீ எங்கே போய்ப் பார்ப்பாய்? நினைவுக் கூட்டத்துக்கு வருகிறாயா என்ற கேள்விக்கும் உன் கடிதத்தில் பதில் இல்லை. அதற்கு நான் பழகியவள்தான்.

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். இதைப் பாட்டாக்காதே.

மெஷின் வந்த பிறகும் உன் அண்ணன் சபைக்குப் போவதை விடவில்லை. சின்ன சிலிண்டரை நான் தூக்கிக்கொண்டு வருவேன். அவர் எழுந்து நின்று அடி எடுத்துக் கொடுப்பார். முன்பெல்லாம் ஓர் அடியை ஒரே வீச்சில் சொல்வார், உனக்கு நினைவிருக்கும். அது போய் இரண்டாக உடைந்தது. அப்புறம் மூன்றாக. நடுவில் மூச்சுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்பார்.

யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஓர் அடியைப் பாடி முடிக்கும் இடத்துக்கு வந்தோம், அவருக்கு இன்னும் மூச்சு வரவில்லை. யாரும் முடிக்கவில்லை. கடைசிச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டோம். ஆண்கள் பக்கம் மூச்சு வாங்கும்போது பெண்கள் பக்கம் பிடித்தோம், நாங்கள் வாங்கும்போது அவர்கள் பிடித்தார்கள். சத்தம் அறுபடவே இல்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்து அடுத்த அடி வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தோம். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் நீளமாயிற்று. ஒரு பாட்டு முடிய அரைமணி நேரம். எஸ்டில் மூப்பர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். ஒருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வெளியே வந்து கார் கதவைத் திறந்துவிடும்போதுகூட.

உன் அண்ணன் மட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து முனகுவார். "என்ன... இப்பல்லாம்... இந்த இழு இழுக்கறாங்க? தூங்கிடுவேன்போல... இருக்கு."

"வயசாயிடுச்சு எல்லாருக்கும்" என்பேன்.

அவருக்குத் தெரிந்ததா, தெரியாத மாதிரி இருந்தாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. சாவதற்கு முந்தின ஞாயிறு வரை எடுத்துக் கொடுத்தார்.

அவர் அங்கேதான் இருந்தார் தம்பி. நாற்காலியில் இல்லை. கேசட்டுக்குச் சம்மதம் கேட்டாய். நான் தரவில்லை.

அண்ணி


லாரல் ஃபோர்க்
ஆகஸ்டு 3, 1998

தம்பிக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மறுபடி ஆரம்பித்துவிட்டாயோ என்று மனம் எங்கெங்கோ போகிறது. திட்டியாவது ஒரு வரி போடு.

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டியாயிற்று. பெஞ்சுகளை மேலே ஏற்றிவிட்டார்கள். எஸ்டில் மூப்பர், "அவன் வரலேன்னா நான் எடுத்துக் குடுத்துடறேன், நீ கவலப்படாதே" என்றார். "வருவான்" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார முடியவில்லை. சுத்தமாக இருந்த அலமாரியை மறுபடி துடைத்தேன்.

பதினாறாம் தேதி.

அண்ணி


மினியாபொலிஸ்
ஆகஸ்டு 8, 1998

அண்ணிக்கு,

குடிக்கவில்லை. உடம்பு நலம். நீங்கள் நலமா?

பதினைந்தாம் தேதி லூயிவில்லில் நிகழ்ச்சி. அங்கிருந்து எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. வருவேன் என்று எழுதினேன், அடித்தேன். வரமாட்டேன் என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். இந்த அட்டையில் வேறு இடமில்லை.

வெ.


நாக்ஸ்வில், டென்னசி
ஆகஸ்டு 30, 1998

அன்புள்ள அண்ணிக்கு,

வீடு சேர்ந்தீர்களா, மலை இறங்கும்போது முழங்கால் எப்படி இருந்தது என்றுகூடக் கேட்காமல் அன்றைக்குக் கிளம்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மறுபடி சாப்பிடாமல் போனேன், தெரியும். ஆனால் இந்தத் தடவை பாருக்குப் போகவில்லை. நம் கென்டக்கி லண்டன் ஊர் தாண்டி ஒரு மரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு மறுநாள் வரைக்கும் தூங்கினேன்.

நான் அத்தனை பேர் முன்னால் பாடுகிறவன், உங்களுக்குத் தெரியும். கையில் கிதார் இருக்கும். அன்று கையில் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதல் அடியை மேடையில் பாடுகிற வேகத்தில் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் யாரும் அந்த வேகத்துக்கு வரவில்லை. நான் இன்னும் விரட்டினேன். நீங்கள் இன்னும் மெதுவாகப் பாடினீர்கள். ஒவ்வோர் அடிக்கும் பிறகு நான் வெறுமனே நின்றேன். சட்டைக் காலரெல்லாம் நனைந்துவிட்டது.

கடைசி அடிக்கு முன்னால் நீங்கள் நிறுத்தவே இல்லை அண்ணி. நான் வாயைத் திறந்தேன், இடம் கிடைக்கவில்லை. எங்கே பார்ப்பது? மலையைப் பார்த்தேன், கார்களைப் பார்த்தேன், ஜெல்லா அக்காவின் தொப்பியைப் பார்த்தேன். பார்க்க வேறு இடமே இல்லாமல்தான் அண்ணன் கல்லைப் பார்த்தேன். அடக்கத்தன்றுகூட நான் குழியைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று நீங்கள் பார்த்தீர்கள்.

ஒன்று கேட்கிறேன். எனக்கு நன்றாக மூச்சு வருகிறது. நெஞ்சில் தூசி இல்லை. எனக்கு எதற்கு அவ்வளவு இழுத்தீர்கள்?

நேற்று இங்கே நிகழ்ச்சி. நாலாம் நம்பர் பாட்டு வந்தபோது கிதாரை மீட்டாமல் நின்றேன். "இது எங்கப்பா செத்த கதை. அண்ணன்னு சொல்லிட்டிருந்தேன். எங்கண்ணன் வேற மாதிரி செத்தார்" என்றேன். முன்வரிசையிலிருந்து ஒருவன், "எப்படி?" என்று கேட்டான். "உக்காந்துக்கிட்டே. ரொம்ப நாளா. நான் போய்ப் பார்க்கல" என்றேன். என் கூட்டாளிகள் என்னை முறைத்தார்கள். பாட்டைப் பாடினேன், அப்படி ஒன்றும் நன்றாக வரவில்லை.

முடிந்ததும் வரிசை வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. அதில் இளவயது ஆள் ஒருவன் இசைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் முறை வந்ததும், "எங்கப்பா உக்காந்துட்டிருக்கார்ங்க" என்றான். "எங்கே?" என்றேன். "வீட்ல." அவ்வளவுதான். கையெழுத்து வாங்காமலே திரும்பி வாசலைப் பார்த்து நடந்தான். பார்க்கிங்கில் அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

கம்பெனிக்காரர்கள் நாற்காலிப் பாட்டைக் கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்று சொன்னேன்.

உங்கள்
வெர்லின்


லாரல் ஃபோர்க்
செப்டம்பர் 22, 1998

அன்புள்ள தம்பி வெர்லினுக்கு,

உன் கடிதம் கண்டேன். மலை இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, ஜெல்லா அக்காவும் எஸ்டில் மூப்பரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மரத்தடியில் வேனில் தூங்காதே, கழுத்து பிடித்துக்கொள்ளும். ஜெல்லா அக்கா உனக்கென்று வறுத்த கோழியை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள். "பாட வந்தானா, பறக்க வந்தானா" என்று வழியெல்லாம் திட்டு. அடுத்த தடவை சாப்பிடாமல் போனால் வேன் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவாளாம்.

எதற்கு இழுத்தீர்கள் என்று கேட்டாய். இரண்டு பதில் இருக்கிறது.

ஒன்று, எங்களுக்கு இப்போது அப்படித்தான் பாட வருகிறது. யாரும் முடிவு செய்யவில்லை. அவர் போனபின் முதல் ஞாயிறு எஸ்டில் மூப்பர் எடுத்துக் கொடுத்தார், நாங்கள் அடியின் முடிவுக்கு வந்தோம், தானாகவே பிடித்துக்கொண்டோம். குளிர்காலத்தில் ஒருநாள் அவர் பழைய மாதிரி வேகமாகக் கொண்டுபோகப் பார்த்தார். பாதிப் பேர் ஓர் அடியில், பாதிப் பேர் இன்னோர் அடியில், சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. அதோடு விட்டுவிட்டார்.

இரண்டாவதை நீ கேட்காமல் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கடைசி அடிக்கு முன்னால் இழுத்தது சபை இல்லை. நான். மற்றவர்கள் முடிக்கத்தான் போனார்கள். நான் விடவில்லை. ஜெல்லா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டு அவளும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் எல்லோரும். உன் அண்ணனுக்கு மூச்சு வரட்டும் என்று இழுத்தோம். உனக்காக அப்படி இழுக்கவில்லை தம்பி. நில் என்று இழுத்தேன். மூன்று வருஷம் வந்து நிற்காதவன் இப்போது நில்லுடா என்று இழுத்தேன். எனக்கே மூச்சு முட்டியது, காது அடைத்தது, அப்படியும் விடவில்லை. சபையில் நின்று பாடும்போது அவ்வளவு கோபம் வரலாமா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது.

அப்புறம் நீ கல்லைப் பார்த்தாய். உன் தோள் ஆட ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். எல்லோரும் விட்டார்கள். அவ்வளவு நேரம் கழித்து அந்த மலையில் ஒரு சத்தமும் இல்லை. உனக்கு அடி வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். நீ கடைசியில் கொடுத்தாயே, அது மேடைக் குரல் இல்லை. நடுவில் உடைந்து, இரண்டாக வந்தது.

அன்று இரவு நான் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்து நடக்கவில்லை.

நாலாம் நம்பர் பாட்டைப் பாடு. உன் அப்பா என்று சொல்லிவிட்டுப் பாடு. அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா என்று எனக்கு நினைப்பாகவே இருக்கிறது. அவன் பெயரை நீ கேட்டிருக்கலாம்.

கோனி அம்மாளுக்கு உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம்.

வேளைக்குச் சாப்பிடு. தொண்டையைப் பார்த்துக்கொள். முந்தாநாள் மூன்றாம் ஞாயிறு, எஸ்டில் மூப்பர்தான் அடி எடுத்துக் கொடுத்தார். அவருக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. ஒவ்வோர் அடியையும் சட்டென்று சொல்லிவிட்டு, நாங்கள் முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தார்.

உன் அண்ணி,
ஆர்வெல்லா